பனிக்குள் வாயில்லாச் சீவன்கள்

ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது ஸ்காபரோ. இலங்கைக்கு வெளியே நம்மவர்கள் மிக அதிகமாகக் குடியிருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. கடைப் பலகைகளில் தமிழ் எழுத்து இருக்கும். இடியப்பமும் சம்பலும் பெட்டியில் கட்டித் தருவார்கள். கோடையில் போய் வந்தவர்கள் "யாழ்ப்பாணத்தில் நிற்கிற மாதிரித்தான் இருந்தது" என்று சொல்வார்கள். நான் போனது 2019 தை மாதம். அக்காவின் மகளுக்கு முதற் பிரசவம். பத்தியச் சாப்பாடு சமைக்கவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் கைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்த மாதம் 28 ஆம் திகதி விழுந்த பனி அரை முழத்துக்கு மேல் நின்றது. அடுத்த நாட்களில் குளிர் சைபருக்குக் கீழ் 20 பாகையை எட்டியது. நமக்கு அது வெறும் எண்தான். கதவைத் திறந்தால் மூக்குக்குள் இருக்கும் மயிர் விறைத்துப்போகும் குளிர் என்று சொன்னால் கொஞ்சம் விளங்கும். அங்கே வானொலியில் காலநிலை சொல்லும்போது இரண்டு எண் சொல்வார்கள். ஒன்று உண்மையான வெப்பநிலை. மற்றது, காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு எப்படித் தெரியும் என்பது. இந்த இரண்டாவது எண் சைபருக்குக் கீழ் 28 ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துபோகலாம் என்று எச்சரிப்பார்கள். காற்றுக்கு என்று தனியாக ஓர் எண் வைத்திருக்கிறார்களே என்று அன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதன் அருமை ஏறக்குறைய நான்கு வருடங்கள் கழித்து முல்லைத்தீவில்தான் விளங்கியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அக்கா வீட்டில் ஒரு நாய் இருந்தது. பெறாமகன் வளர்க்கிறான். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் தெருவில் நின்ற நாயாம். ஒரு காப்பகம் மூலம் எடுத்திருக்கிறான். குட்டை மயிர், மண்ணிறம், மடிந்த காது. எங்கள் ஊர் நாயே விமானம் ஏறி வந்துவிட்டதோ என்று நினைக்கத் தோன்றும். அவன் வைத்த இங்கிலிசுப் பெயரை அக்கா தமிழாக்கி "கறுவா" என்று கூப்பிடுகிறா. நாய் இரண்டு பெயருக்கும் வாலாட்டுகிறது.

கறுவாவை வெளியே கூட்டிக்கொண்டு போகும் ஆயத்தத்தைப் பார்த்து முதல்நாள் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முதுகையும் வயிற்றையும் மூடும் ஒரு குளிரங்கி. நான்கு காலுக்கும் நான்கு சப்பாத்து. நம் பிள்ளைகள் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போன நாட்கள் நினைவுக்கு வந்தன. "நாய்க்குச் சப்பாத்தோ?" என்று கேட்டேன். பெறாமகன் கோபிக்கவில்லை. "சின்னம்மா, பனியை விட உப்புத்தான் பிரச்சினை. ஒருக்கா காலைப் பாருங்கோ" என்று பாதத்தைத் தூக்கிக் காட்டினான்.

நடைபாதையில் பனி இறுகிக் கண்ணாடிபோல் ஆகாமல் இருக்க உப்பு போடுகிறார்கள். கறி உப்புப் போலத்தான், ஆனால் பரல் பெரியது. அது நாயின் உள்ளங்காலில் பட்டுத் தோலை வெடிக்க வைக்கும். வெடிப்புக்குள் மறுபடி உப்பு போகும். எரிச்சல் தாங்காமல் நாய் காலை நக்கும். நக்கிய உப்பு வயிற்றுக்குள் போய் வாந்தியும் கழிச்சலும் வரும். விரல்களுக்கு நடுவில் பனி உருண்டு கட்டியாகி நிற்பதும் உண்டு. அதனால் வீட்டுக்குள் வந்த உடனே வாசலில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நான்கு காலையும் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் துடைக்க வேண்டும். சப்பாத்துப் போட மறுக்கும் நாய்க்குப் போவதற்கு முன் பாதத்தில் கொஞ்சம் வசிலின் பூசிவிடுவார்கள். வயிற்றுப் பக்கத்தையும் துடைக்க வேண்டும். கட்டைக் கால் நாயென்றால் வயிறு பனியில் உரசிக்கொண்டே வரும்.

எல்லா நாய்க்கும் ஒரே கணக்கு இல்லை. ஹஸ்கி என்று ஓர் இனம், பனியிலே படுத்துத் தூங்கும். அதற்கு இரண்டு அடுக்கு மயிர். கறுவா மாதிரிக் குட்டை மயிர் உள்ளது, குட்டி, கிழடு, நோயாளி, மெலிந்தது — இவற்றுக்கு அந்தக் குளிரில் சில நிமிடங்களே போதும். நாய் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் அல்லது நடுங்கினால் உடனே திரும்பிவிட வேண்டும். அதைவிட மோசமான அடையாளம், நடுங்கிக்கொண்டிருந்தது நடுக்கத்தை நிறுத்திவிட்டுச் சோர்ந்து படுப்பது. குளிர் விட்டுப்போயிற்று என்று நாம் நினைப்போம். உடம்பு தோற்கத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். நாயின் உடற்சூடு சாதாரணமாக 38 பாகைக்கு மேல் இருக்கும். 37 க்குக் கீழே போனால் ஆபத்து. உலர்ந்த துணியால் சுற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பிய போத்தலைத் துணியில் பொதிந்து பக்கத்தில் வைத்து, மிருக வைத்தியரிடம் கொண்டு ஓட வேண்டும். காது நுனி, வால் நுனி, பாதம் வெளிறி மரத்துப்போயிருந்தால் தேய்க்கவே கூடாது. சுடுதண்ணீரும் ஊற்றக்கூடாது. உறைந்த தசை தேய்த்தால் பிய்ந்துபோகும்.

குளிக்க வார்ப்பதைக் குளிர்காலத்தில் வெகுவாகக் குறைத்துவிடுகிறார்கள். வீட்டுக்குள் ஓடும் சூடாக்கி காற்றைக் காய வைப்பதால் நாய்க்கும் தோல் வறண்டு சொறிகிறது. மயிர் வெட்டுவதும் இல்லை. வெளியே வேலை செய்யும் நாய்க்குச் சாப்பாடு கூட்டிக் கொடுப்பார்கள்; கறுவாவைப் போல வீட்டுக்குள் கிடப்பதற்குக் கூட்டினால் கொழுப்புத்தான் வைக்கும். அக்கா கேட்டால்தானே. இடியப்பத்தின் கடைசி உருண்டை அதற்கென்று தனியாக இருக்கும்.

அக்காவைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது அவர்கள் வீட்டில் ஒரு கறுப்பு நாய் நின்றது. உழவு இயந்திரத்தில் சாமான் ஏற்றிப் பிள்ளைகளையும் ஏற்றியபின் இடம் இல்லை. மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். நாய் பரந்தன் சந்தி வரை பின்னால் ஓடி வந்ததாம். அதற்குப்பிறகு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. கனடா போய்ப் பல வருடங்கள், "இந்த வீட்டில் இனி நாய் என்ற பேச்சே வேண்டாம்" என்று அக்கா மறுத்துவிட்டா. மகன் அழுது பிடித்துக் கொண்டுவந்ததுதான் கறுவா. இப்போது அதற்குக் கால் கழுவுகிறவ பெரும்பாலும் அக்காதான். ஒவ்வொரு விரலாக விரித்துத் துடைப்பா. நான் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை. நம்மில் எத்தனை பேர் வீட்டிலே கயிற்றை அவிழ்த்துவிட்ட கதை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டு நாய்க்கு வீடு இருக்கிறது. தெருப் பூனைக்கு? பக்கத்து வீட்டில் ஓர் இத்தாலியக் கிழவி தனியாக இருந்தா. அவவின் பின்வளவில் இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள் மூடியோடு இருந்தன. பக்கத்தில் வட்டமாக ஒரு துளை. குப்பைப் பெட்டி என்றுதான் நினைத்தேன். ஒருநாள் காலையில் துளைக்குள் இருந்து ஒரு வரிப்பூனை தலையை நீட்டிற்று. ரொறன்ரோவில் இப்படிப் பூனைப்பெட்டி செய்து கொடுக்கும் தொண்டர்கள் பலர் இருக்கிறார்கள். பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியைச் சிறிது வெட்டி, எடுத்த இடத்திலேயே விடுவதும் நடக்கிறது. பனிக்குள் குட்டி போட்டுச் சாவது அதனால் குறையும்.

கிழவிக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஆனாலும் பெட்டியைத் திறந்து காட்டினா. உள்பக்கம் முழுவதும் ரெஜிபோம் தகடு ஒட்டியிருந்தது. மீன் பெட்டிக்குப் பாவிப்போமே, அதுதான். துளை ஒரு சாணுக்குள், பூனை நுழைய மட்டும் அளவாக. தரையில் வைக்காமல் செங்கல்லின் மேல் தூக்கி, காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி வைத்திருந்தா. பெட்டி சிறிதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் பூனையின் உடற்சூடு அதை நிரப்பப் போதாது. உள்ளே கம்பளி விரித்திருப்பா என்று எதிர்பார்த்தேன். இருந்தது வைக்கோல்! கம்பளியும் பழந்துணியும் ஈரத்தைக் குடிக்கும்; குடித்த ஈரம் பனியாகும்; பூனை அதன்மேல் படுத்தால் இருக்கிற சூட்டையும் அது இழுத்துவிடும். வைக்கோல் தண்டின் உள்ளே காற்று நிற்கிறது, ஈரம் வழிந்துவிடுகிறது, பூனை அதற்குள் புதைந்து படுக்கலாம். காய்ந்த புல் வேறு, வைக்கோல் வேறு. புல் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் கட்டும்.

பூனைக்கு இன்னும் இரண்டு ஆபத்து உண்டு. ஓடி நின்ற காரின் எஞ்சின் சூடாக இருப்பதால் அதற்குள் ஏறிப் படுத்துவிடும். அத்தான் ஒவ்வொரு நாளும் காலையில் கார் மூடியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திறப்பைத் திருப்புவார். மற்றது, எஞ்சின் தண்ணீர் உறையாமல் இருக்க ஊற்றும் பச்சைத் திரவம். இனிப்பாக இருப்பதால் மிருகங்கள் நக்கிவிடும். ஒரு தேக்கரண்டியே ஒரு பூனையின் சிறுநீரகத்தைப் பழுதாக்கிக் கொன்றுவிடப் போதும். சிந்தினால் உடனே துடைத்துக் கழுவுகிறார்கள்.

மாசியில் ஒரு சனிக்கிழமை அத்தான் ஆட்டிறைச்சி வாங்கப் பண்ணைக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ரொறன்ரோவிலிருந்து மேற்கே 100 கிலோமீற்றருக்கு மேல், எல்மைரா என்ற சிற்றூர்ப் பக்கம். வழி முழுவதும் வெள்ளை வயல். அந்தப் பகுதியில் மெனனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வாழ்கிறார்கள். அவர்களில் பழைய முறையைக் கடைப்பிடிப்பவர்கள் கார் வைத்திருப்பதில்லை. பனியிலும் குதிரை வண்டிதான். வண்டியை நிறுத்தியதும் குதிரையின் முதுகில் ஒரு தடித்த கம்பளியைப் போட்டுவிட்டுத்தான் கடைக்குள் போகிறார்கள். ஓடி வேர்த்த உடம்பில் குளிர்காற்றுப் படக்கூடாது என்பதற்காக.

நாங்கள் போன ஆட்டுக் கொட்டிலை என்னால் மறக்க முடியாது. நானும் ஆடு வளர்க்கிறவள் அல்லவா? வெளியே சைபருக்குக் கீழ் 12 பாகை. உள்ளே ஆடுகள் சுகமாக அசைபோட்டுக்கொண்டு கிடந்தன. சூடாக்கி ஒன்றும் இல்லை. இறுக்க மூடியிருப்பார்கள் என்று நினைத்தால் அதுவும் இல்லை. கூரை உச்சியில் நீளத்துக்கு ஓர் இடைவெளி திறந்தே இருந்தது. பண்ணைக்காரி சொன்னதை அத்தான் தமிழில் சொன்னார். ஆடுகளின் மூச்சாலும் மூத்திரத்தாலும் கொட்டிலுக்குள் ஈரமும் நெடியும் சேரும். அது மேலே வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டுக்குச் சளி நெஞ்சில் இறங்கும். ஆனால் ஆடு நிற்கும் உயரத்தில் காற்று அடிக்கக்கூடாது. "சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?" என்று கேட்டேன். அவ ஒன்றும் சொல்லாமல் வைக்கோலில் முழங்காலில் இருந்து என்னையும் இருக்கச் சொன்னா. ஆட்டின் உயரத்தில் முகத்தை வைத்துப் பார்க்க வேண்டும். முகத்தில் காற்றுப் பட்டால் அந்தப் பக்கம் மறைப்புப் போதாது. கண் எரிந்தால் மேலே திறப்புப் போதாது.

தரையில் முழங்கால் அளவுக்கு வைக்கோல். குளிர்காலம் முடியும் வரை அதைக் கூட்டி அள்ளுவதில்லை. மேலே மேலே காய்ந்த வைக்கோலைத் தூவிக்கொண்டே வருகிறார்கள். அடியில் இருப்பது எருவாக மாறும்போது தானாகவே சூடு தருகிறது. கையை விட்டுப் பார்த்தேன், இதமாக இருந்தது.

பிறந்த குட்டிதான் அவர்களுக்குப் பெரிய கவலை. ஈரத்தோடு பிறக்கிறதல்லவா? துவாயால் உடனே துடைத்து, காதையும் காலையும் நன்றாகக் காய வைத்து, முதல் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் சீம்பாலைக் குடிக்க வைக்கிறார்கள். காதை ஈரமாக விட்டால் நுனி உறைந்து கழன்று விழுமாம். அப்படிக் காது குறைந்த ஓர் ஆட்டையும் காட்டினா. பழைய சுவெற்றரின் கையை வெட்டி, கால் நுழைய இரண்டு ஓட்டை போட்டுக் குட்டிக்குச் சட்டையாக மாட்டியிருந்தார்கள். சிவப்புச் சட்டைக் குட்டி ஒன்று என் சேலைத் தலைப்பைக் கடித்து இழுத்தது. சூடாக்கும் மின்குமிழ் வைப்பதை அவ விரும்புவதில்லை. வைக்கோலில் விழுந்து கொட்டிலோடு எரிந்த பண்ணைகள் அங்கே இருக்கின்றன.

இரவில் என்ன சாப்பாடு என்று கேட்டேன். தானியம் அதிகம் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். காய்ந்த புல்தான். ஆடும் மாடும் நார்ச்சாப்பாட்டைப் பெரிய இரைப்பையில் புளிக்க வைத்துச் செரிக்கின்றன. அப்படிப் புளிக்கும்போது சூடு உண்டாகிறது. வயிறு நிறையக் காய்ந்த தீவனம் உள்ள மாடு தனக்குள்ளேயே ஓர் அடுப்பை வைத்துக்கொண்டு படுக்கிறது என்று சொல்லலாம். வெறும் வயிற்றோடு படுத்தால் அடுப்பு இல்லை. தண்ணீரையும் நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளஞ்சூடாகக் கொடுக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் மாடு தீனும் குறைக்கும்.

அங்கே மாடு வளர்க்கிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்துக்கு அடர்ந்து வளர்ந்த மயிர் உலர்ந்திருக்குமானால், சைபருக்குக் கீழ் 8 பாகை வரையும் மாட்டுக்குப் பெரிய சிரமம் இல்லை. அதே மாடு மழையில் தோல்வரை நனைந்துவிட்டால் 15 பாகையிலேயே குளிரில் வாடத் தொடங்கிவிடும். இது சைபருக்கு மேல் 15. பனிநாட்டு மாட்டுக்கே இப்படியென்றால், அடர்ந்த மயிரே இல்லாத நம் ஊர் மெலிந்த மாட்டுக்கு எப்படி இருக்கும்?

2022 மார்கழியில் அதற்குப் பதில் கிடைத்தது. 8 ஆம், 9 ஆம் திகதிகளில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நம் கரைக்கு அப்பால் போய், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரை ஏறியது. நமக்கு வந்தது ஓயாத தூறலும் எலும்பைத் துளைக்கும் வாடைக்காற்றும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு என்று வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் இறந்தன. விடியப் பார்த்தால் வயல்வெளிகளில் வரிசையாகக் கிடந்தன. தொற்றுநோய் என்றும் நஞ்சு என்றும் கதைத்தார்கள். குளிர் தாக்கத்தால்தான் இறந்தன என்று கால்நடை வைத்தியர்கள் சொன்னார்கள். பனி ஒரு துளியும் விழாத ஊரில், குளிரால்! நனைந்த தோல், தடுக்க ஒன்றும் இல்லாத காற்று, வெள்ளம் நின்ற மேய்ச்சல் தரையால் வெறும் வயிறு. மூன்றும் ஒரே இரவில் சேர்ந்துவிட்டன.

8 ஆம் திகதி பின்னேரம் காற்று மாறியதும் எனக்கு எல்மைராக் கொட்டில்தான் கண்ணில் நின்றது. என்னிடம் 11 ஆடுகள். வடக்கும் கிழக்கும் உரப்பையையும் பழைய தறப்பாளையும் ஆட்டின் நெஞ்சுயரத்துக்கு மேல் வரக் கட்டினேன். கூரையோடு ஒட்டிய இடைவெளியை விட்டுவிட்டேன். கீழே வைக்கோலைக் கொட்டி, நனைந்த ஆடுகளை ஒவ்வொன்றாகச் சாக்கால் துடைத்தேன். இரண்டு குட்டிகளுக்கு மகனின் பழைய பெனியனை மாட்டினேன். இரவு எட்டு மணிக்கும் விடியப்புறமும் காய்ந்த வைக்கோல் வைத்தேன். கொட்டிலுக்குள் நெருப்பு மூட்டச் சிலர் சொன்னார்கள். அடைத்த இடத்தில் புகை நெஞ்சைக் கெடுக்கும் என்று நான் மூட்டவில்லை. கிழட்டு ஆடு ஒன்று 10 ஆம் திகதி இறந்தது. மற்றவை பிழைத்தன.

நான்கு வளவு தள்ளி இருக்கும் மாமிக்கு ஒன்பது மாடுகள் இருந்தன. 2009 இல் கணவனையும் மூத்த மகனையும் பறிகொடுத்தபின் அந்தப் பால்தான் அவவின் அடுப்பை எரித்தது. மாடுகள் வெளியில் பட்டியில் நின்றன. இருட்டோடு போய் நான்கை இழுத்துவந்து அவவின் விறாந்தையில் கட்டினோம். ஒன்றுக்கு நடுக்கம் நின்று கழுத்துச் சாயத் தொடங்கியிருந்தது. ரொறன்ரோவில் நாய்க்குச் சொன்ன அதே அடையாளம். சாக்கால் தேய்த்து உடம்பைக் காய வைத்து, மேலே இரண்டு சாக்கைப் போர்த்துக் கட்டினோம். தலையைத் தூக்கி நிறுத்தியபின் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கருப்பட்டி கரைத்து வாளியில் வைத்தோம், தானாகக் குடித்தது. சோர்ந்து கிடக்கும் மாட்டுக்கு வாயில் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வெளியில் நின்ற ஐந்தும் விடிவதற்குள் போய்விட்டன. மாமி பட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் பேசாமல் விறாந்தையில் நின்ற நான்குக்கும் வைக்கோல் போட்டா.

இப்போது எங்கள் பகுதிப் பெண்கள் ஐப்பசி பிறந்ததும் வைக்கோலை மழை படாத இடத்தில் உயர்த்திக் கட்டிவிடுகிறோம். ஓர் ஆட்டுக்கு இரண்டு உரப்பை, மாட்டுக்கு நான்கு என்று கழுவிக் காய வைத்து எடுத்துவைக்கிறோம். கால்நடை வைத்தியர் அலுவலகத்தின் தொலைபேசி எண் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதியிருக்கிறது. மிருகம் இறந்தால் புதைப்பதற்கு முன் அங்கே அறிவிக்கிறோம். காரணம் தெரிந்தால்தானே மற்றதைக் காப்பாற்றலாம். மாமியின் பட்டியில் இன்று ஏழு மாடுகள் நிற்கின்றன. வடக்குப் பக்கத்து மறைப்பை இந்த முறை பனையோலையால் கட்டினோம். தறப்பாள் காற்றில் அடிபட்டுக் கிழிந்துவிடுகிறது. ஓலை காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டாலும் அதன் வேகத்தை உடைத்துவிடுகிறது. கன்றுகள் நிற்கும் மூலைக்கு மட்டும் இரட்டையாகக் கட்ட வேண்டியிருக்கிறது.